மதர்போர்டுக்கு மாலை போட்டவன்

போன மாதம் ஒரு நாள் என் மனைவி கோமதி கம்ப்யூட்டரின் முன்னால் நேராக உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, "எல்லரிகூ நமஸ்காரா" என்று கன்னடத்தில் எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள்.

நான் சமையலறையில் நின்றுகொண்டு, செல்போன் வழியாக அந்த வீடியோ காலில் சேர்ந்திருந்தேன். ஒத்திகை.

போனில் அவள் உதடு அசைந்தது. மூடியது. கை நீண்டு தம்ளரை எடுத்தது. தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகுதான் "எல்லரிகூ" வந்தது. "நமஸ்காரா" வரவே இல்லை. பெங்களூர் டிராஃபிக்கில், சில்க் போர்டு சிக்னலில் மாட்டியிருக்கும்.

எதற்கு ஒத்திகை என்று சொல்லவில்லையே...

கோமதி ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். எந்த மொழியில் கனவு வரும் என்று கேட்டால், "கனவுல யார் கூட சண்டைங்கறதைப் பொறுத்தது" என்பாள். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நர்சரி பள்ளியில் பதினெட்டு வருஷம் டீச்சராக இருந்தாள். இந்த வருஷம் பள்ளியை மூடிவிட்டார்கள். அங்கே அபார்ட்மென்ட் வருகிறது.

பதினெட்டு வருஷமாக ஒரு அறை முழுக்கக் குழந்தைகளை மேய்த்தவள் திடீரென்று என் ஒருவனை மட்டும் மேய்க்க நேர்ந்தால் என்ன ஆகும்? எனக்குக் கையெழுத்து திருந்தியது. அதைத் தவிர வேறு நன்மை இல்லை.

மாடி வீட்டுக்குக் குடிவந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பொழுதுபோகாமல் கன்னடம் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் ஒரே மாதத்தில் ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டு ஜெயித்து வந்தாள். அந்தப் புகழ் அவளுடைய ஆபீஸ் வரை போனது. ஆபீஸின் எச்.ஆர். அதிகாரி வித்யா ஒரு மெயில் அனுப்பினார். தமிழ்நாட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். ஒரு மணி நேரம் ஆன்லைனில் சோதனை வகுப்பு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வாரம் இரண்டு நாள், ஒரு வருஷத்துக்கு.

'டியர் மேடம்' என்று ஆரம்பிக்கும் அந்த மெயிலைக் கோமதி எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினாள். நான்காவது முறை நானே கேட்டேன். அவள் முகம் அப்படி இருந்தது.

விஜயதசமியன்று பதினொரு மணிக்கு வகுப்பு. படிப்பை ஆரம்பிக்க நல்ல நாள் என்று கோமதியே கேட்டு வாங்கிய தேதி. ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் பி.ஜி.யில் மாட்டிக்கொண்ட அந்தப் பதினான்கு பேருக்கும் சம்மதம்.

"ஏங்க, ஒரு லேப்டாப் வாங்கிடலாமா? செல்லுல பதினாலு மூஞ்சியும் கடுகு மாதிரி தெரியுது" என்றாள்.

மூளை உள்ள கணவன் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பான்? 'சரி' என்றிருப்பான். ஒரு வார்த்தை. இந்த வாரப் பத்தியும் இங்கேயே முடிந்திருக்கும்.

நான் சொன்னது: "எதுக்கு? இருக்கறதையே ஸ்பீடு பண்ணிக் காட்டறேன் பாரு."

எல்லாம் அதற்கு முந்தின வாரம் பார்த்த ஒரு வீடியோ செய்த வேலை. ஓவர்கிளாக்கிங். விஷயம் இவ்வளவுதான் — கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டு என்ற பெரிய பலகை இருக்கிறது. அது தாளம் போடுகிறது. பிராசஸர் அந்தத் தாளத்துக்கு ஆடுகிறது. கம்பெனிக்காரன் தாளத்தை நிதானமாக வைத்து அனுப்பியிருக்கிறான். நாம் உள்ளே புகுந்து அதைத் துரிதப்படுத்தினால் அதே பிராசஸர் குதித்துக் குதித்து ஆடும். குதித்தால் சூடாகும். சூட்டைத் தணிக்கப் பெரிய ஃபேன் வைக்க வேண்டும். அவ்வளவுதானே?

எங்கள் மதர்போர்டுக்குப் பதினைந்து வயது. கம்ப்யூட்டர் கணக்கில் அது பென்ஷன் வாங்கி, கண் ஆபரேஷனும் முடித்திருக்கும் வயது. அதைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு எஸ்.பி. ரோட்டில் சலீம் பாய் கடைக்கு எடுத்துப் போனேன். பழைய கம்ப்யூட்டர் சாமான் எதுவானாலும் அவரிடம் இருக்கும்.

"இன்னா சார், இத்த எங்கேருந்து தோண்டி எடுத்துக்கினு வந்தீங்க?"

"ஓவர்கிளாக் பண்ணணும் பாய்."

அவர் போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருக்குமே வயசாயிடுச்சு சார். நக்கோ, வேணாம்."

நான் விடவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "இங்க பாருங்க, ரெண்டு கெப்பாசிட்டருக்கு வயிறு உப்பிக்கினு கீது. கேஸ் ட்ரபிள். இத்தோட ஸ்பீடு பண்ணீங்கன்னா ஒரே ஓட்டம், அல்லாகிட்ட போயிடும்." அந்த இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தார். ஏதோ ஒரு கேமிங் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய, சூட்டை உறிஞ்சும் பழைய ஹீட்சிங்க் ஒன்றையும் தேடி எடுத்தார். செம்புக் குழாய்கள், அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள், பக்கவாட்டில் ஒரு ஃபேன். நாலு அடுக்கு டிபன் கேரியரின் உயரம்.

"இது வச்சா உங்க கேபினெட் மூடாது சார். சைடு கதவைத் தொறந்தே போடணும். தூசி போவும்."

"தினம் தொடைச்சிடுவேன் பாய்."

"வீட்ல தொடைக்கறது நீங்களா?"

நான் பையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாலு நாள் எங்கள் ஹால் ஒரு ஆபரேஷன் தியேட்டர். பிராசஸரின் தலையில் தெர்மல் பேஸ்ட் என்ற வெள்ளைப் பசையைப் பட்டாணி அளவு வைக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நவராத்திரி சமயம். நான் வைத்தது சுண்டலுக்கு ஊறவைத்த பட்டாணி அளவு. நாலு பக்கமும் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். போர்டின் மற்ற சிப்புகளுக்கும் காற்றைத் திருப்பிவிட மைசூர்பாக் டப்பாவின் அட்டையை வெட்டி ஒரு குழாய் செய்தேன். காற்று வந்ததோ இல்லையோ, எறும்பு வந்தது. நெய் வாசனை.

பிறகு தாளத்தைக் கூட்டும் வேலை. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே டெலீட் பட்டனை அழுத்தினால் பயாஸ் என்ற நீலத் திரை வரும். அங்கே ஓர் எண்ணை மாற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்றார் வீடியோக்காரர். நமக்கு அதெல்லாம் பொறுக்குமா? ஒரே தாவலாக ஏற்றினேன்.

திரை கறுத்தது. ஒரு நீள பீப், மூன்று குட்டி பீப். அவ்வளவுதான்.

"இன்னா சொல்லுது?" என்றாள் கோமதி.

"யோசிக்குது."

"நீங்க யோசிச்சிருக்கலாம்."

மதர்போர்டில் சட்டைப் பித்தான் போல ஒரு பேட்டரி உண்டு. அதைக் கழற்றி மாட்டினால் நாம் செய்த தப்பையெல்லாம் அது மறந்துவிடும். கழற்றி மாட்டினேன். மறந்துவிட்டது — இன்றைக்கு என்ன தேதி என்பதையும் சேர்த்து. மனைவிமார்களுக்கு இப்படி ஒரு பேட்டரி ஏன் வைக்கவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த அளவாவது கற்றிருக்கிறேன்.

இந்த முறை படிப்படியாக ஏற்றினேன். சரஸ்வதி பூஜையன்று காலை எல்லாம் கூடிவந்தது. கோமதி "எல்லரிகூ நமஸ்காரா" என்றாள். உதடும் குரலும் ஒன்றாக வந்தன. பத்து நிமிஷம் பேசிப் பார்த்தாள். தடங்கலே இல்லை.

அவள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மாதிரிச் சிரிப்பை நான் மொத்தம் மூன்று முறை பார்த்திருப்பேன். இரண்டு தடவை எனக்குப் பின்னால் வேறு யாரோ நின்றிருந்தார்கள்.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வேகத்தைக் கூட்டிய கம்ப்யூட்டரை ஒரு முழு நாள் விடாமல் ஓட்டிப் பார்த்து, சூடு தாங்குகிறதா என்று சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும். வீடியோக்காரர் இதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

"ஆஃப் பண்ணுங்க. பூஜைக்கு நேரமாச்சு" என்றாள் கோமதி.

இப்போது புரிகிறதா சிக்கல்? எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையில் வைத்த சாமானை மறுநாள் விஜயதசமி பூஜை முடியாமல் தொடக் கூடாது. புத்தகம், பேனா, கத்தி, சுத்தியல், முறம், ஸ்கூட்டர், கம்ப்யூட்டர் — எல்லாவற்றுக்கும் ஒரு நாள் லீவு. பெங்களூரில் பஸ்ஸுக்கும் லேத் பட்டறைக்கும் என்ன மரியாதையோ அதேதான் எங்கள் கம்ப்யூட்டருக்கும்.

"கோமு, இதை நாளைக்கு வரைக்கும் ஓட்டிப் பார்க்கணும்."

"படிப்பு சொல்லித் தரப்போற மிஷினு. அதுக்கே பூஜை இல்லன்னா எப்படிங்க?"

இந்தக் கேள்வியை வீடியோக்காரரிடம் யாரும் கேட்டதில்லை போல. ஆஃப் செய்தேன்.

காற்றோட்டத்துக்காகக் கம்ப்யூட்டர் பெட்டியை அவள் நாற்காலிக்குப் பின்னால், கேபிள் எட்டும் கடைசி தூரத்தில் ஒரு முக்காலி மேல் ஏற்றியிருந்தேன். சந்தனம் வைத்தாள். குங்குமம் வைத்தாள். சாம்பிராணி காட்டினாள். மாலை போட்டது மட்டும் நான். அதை மறைக்கப் போவதில்லை. செண்டுப்பூ மாலை, நல்ல கனம். மற்றவர்கள் மானிட்டருக்குப் போடுவார்கள். எனக்கு அன்று ஒரே பெருமிதம். பாடுபட்டது மதர்போர்டு, மாலை மானிட்டருக்கா? திறந்து கிடந்த பக்கத்தில், மதர்போர்டு தெரிகிற இடத்தில், மேலிருந்து தொங்கவிட்டேன். தள்ளி நின்று ரசித்தேன். போட்டோகூட எடுத்தேன்.

விஜயதசமி. பத்தரை மணிக்கு மறுபூஜை முடிந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். மாலை சாயந்திரம் வரை இருக்கட்டும் என்றாள். நானும் தலையாட்டினேன். திரையின் மூலையில் பிராசஸரின் சூடு எண்ணாகத் தெரியும்படி செய்து வைத்திருந்தேன். "தொண்ணூத்தஞ்சைத் தொட்டா அதுவே அணைஞ்சிடும். அதுக்கு மறுபடி உயிர் வர பத்து நிமிஷம் ஆகும். ஆனா அவ்வளவு தூரம் போகாது" என்று கோமதியிடம் சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன எத்தனையோ 'ஆனா'க்களில் அதுவும் ஒன்று.

பதினொரு மணி. வித்யா வந்தார். பதினான்கு பேரும் வந்தார்கள். கோமதி நமஸ்காரா சொல்ல, அது சொன்ன நொடியிலேயே போய்ச் சேர்ந்தது. நான் கதவோரம் பனியனோடு நின்று ரசித்தேன். அறிமுகம், ஆட்டோ, வாடகை வீடு என்று அவள் அழகாகப் போய்க்கொண்டிருந்தாள்.

பத்தாவது நிமிஷத்தில் ஒரு சத்தம். மிக்ஸியில் கறிவேப்பிலை போட்டது போல.

எட்டிப் பார்த்தேன். ஃபேன் செண்டுப்பூ சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் பூத்த பூ, வாடத் தொடங்கியிருந்தது. இதழ் இதழாக உள்ளே இழுத்து, ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே திணித்திருந்தது. மாலையின் நார் வேறு ஃபேனின் அச்சில் சுற்றிக்கொண்டிருந்தது.

மூலையில் எண் எழுபத்தொன்பது.

மாலையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வரவில்லை. பேனாவின் பின்பக்கத்தை விட்டு இதழ்களை நெம்பினேன். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஆமாம், தெரியும்... ஒரு 'டக்'. ஃபேனின் ஓர் இறக்கை ஒடிந்து என் பனியன் மேல் வந்து விழுந்தது. மற்ற இறக்கைகளும் நின்றுவிட்டன.

எண்பத்து மூன்று.

கோமதி பாடத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் லேசாகத் திருப்பிப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பின் பெஞ்சைக் கவனித்த கண். நான் ஓடினேன். பூஜை அறை வாசலில் குங்குமப் பொட்டோடு பிளாஸ்டிக் முறம் சாய்ந்திருந்தது. எடுத்து வந்து மதர்போர்டுக்கு விசிறத் தொடங்கினேன்.

விசிறினால் எண் நின்றது. கை தளர்ந்தால் ஏறியது. ஆக, கம்ப்யூட்டர் சரித்திரத்தில் புதிய முறை — பனியன் கூலிங்.

முக்காலி உயரம் குறைவு. அதனால் கேமராவில் பெட்டி தெரியவில்லை. தெரிந்தது என்ன தெரியுமா? முன்னால் டீச்சர். அவள் தோளுக்குப் பின்னால் பனியன் போட்ட ஒரு மனிதன், முறத்தால் விடாமல் விசிறுகிறான்.

பதினான்கு பேரும் நோட்டில் கண்ணை வைத்துக்கொண்டார்கள். பண்பானவர்கள். பிறகு கார்த்திக் என்ற திருச்சிக்காரர் மைக்கை ஆன் செய்தார்.

"மேடம், ஒரு சின்ன டவுட். சார் உங்களுக்கா விசிறி விடுறாரு?"

கோமதி ஒரு நொடி மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். எண்பத்தெட்டு. உண்மையைச் சொல்லலாம். 'என் கம்ப்யூட்டர் செத்துக்கொண்டிருக்கிறது' என்று முதல் வகுப்பிலேயே சொல்லும் ஆன்லைன் டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்?

"ஆமாங்க" என்றாள். "இதையே கன்னடத்துல சொல்லுவோமா? காளின்னா காத்து. பீஸ்தாரெ, விசிறுறாங்க. நன் கண்ட காளி பீஸ்தாரெ. என் வீட்டுக்காரர் காத்து விசிறுறாரு."

பதினான்கு பேரும் சொன்னார்கள். பெண்கள் குரல் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்டது.

"இப்ப அவர்கிட்டயே சொல்லணும். ஜோராகி பீஸி. நல்லா வேகமா விசிறுங்க."

"ஜோராகி பீஸி" என்றது ஸ்பீக்கர், பதினான்கு குரலில்.

விசிறினேன்.

"நம்பர் படிக்கலாமா? எம்பத்தெண்டு. எண்பத்தெட்டு." நான் கை மாற்றிய ஒரு நொடியில் எண் தாவியது. கோமதியின் குரலும் ஒரு படி ஏறியது. "தொம்பத்தெரடு. தொண்ணூத்திரெண்டு. நில்லிஸ்பேடி. நிறுத்தாதீங்க. எல்லாரும் சாரைப் பார்த்துச் சொல்லுங்க."

"நில்லிஸ்பேடி."

"கை நோய்தா இதெ" என்றேன் நான். கை வலிக்கிறது என்று அர்த்தம். இலக்கணத்துக்காகச் சொல்லவில்லை. உயிர் போய்க்கொண்டிருந்தது.

"வெரி குட். இது பதில். எல்லாரும் எழுதிக்குங்க" என்றாள் கோமதி.

வித்யா தன் திரையில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேடம், இந்த ரெக்கார்டிங்கை நான் எங்க வீட்ல போட்டுக் காட்டணும்."

வேலைக்காரன் வேலை செய்கிறான், வகுப்பு சிரிக்கிறது, எண் எண்பத்தொன்பதில் நிற்கிறது. முடிய இன்னும் பத்து நிமிஷம். சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தேன். ஒரு தடவை. அதிகமில்லை.

டொப்.

திரை கறுத்தது. பதினான்கு பேரும் போய்விட்டார்கள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கறுத்த மானிட்டரையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "முடிக்கறப்ப ஒண்ணு சொல்லலாம்னு வச்சிருந்தேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. மானிட்டரிடம்.

முறத்தைக் கீழே வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. அணைந்துபோன பெட்டிக்கு இன்னும் விசிறிக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்கிறேன். வேகம் வேகம் என்கிறோமே, அதில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள். தாளத்தைக் கூட்டி, பாராட்டு வாங்கி, போட்டோ எடுத்துக்கொள்பவர் ஒருவர். பக்கத்தில் கேமராவுக்குத் தெரியாமல் நின்று, சூடு ஏறாமல் விசிறுபவர் இன்னொருவர். நான் அவசர அவசரமாகப் பத்தி எழுதுகிற வாரங்களில் எங்கள் வீட்டில் விசிறுவது யார்? அன்று ஒரே ஒரு மணி நேரத்துக்கு இடம் மாறிப் பார்த்தோம். அதையும் என்னால் முழுசாக முடிக்க முடியவில்லை.

கோமதியின் செல்போன் அடித்தது. வித்யா. அவள் எடுக்கவில்லை, என்னிடம் நீட்டினாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், லைன் கட் ஆயிடுச்சு. ஒருத்தரும் போகல, எல்லாரும் வெயிட் பண்றாங்க. ஏனாய்த்துன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. கன்னடத்துலயே சொல்றாங்க மேடம். ஏனாய்த்து?"

என்ன ஆச்சு என்று அர்த்தம்.

கோமதி போனை என் கையிலிருந்து வாங்கினாள். "பிசி ஆய்த்து" என்றாள். சூடாகிவிட்டது. பிறகு அந்தப் போனிலேயே வகுப்பில் சேர்ந்து, கடுகு அளவு முகங்களோடு மிச்சப் பாடத்தை நடத்தி, வைத்திருந்ததையும் சொல்லி முடித்தாள். அது என்ன என்று எனக்குத் தெரியாது. என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டாள்.

வகுப்பு உறுதியாகிவிட்டது. லேப்டாப் வந்துவிட்டது, 'சரி' என்ற அந்த ஒரு வார்த்தையை நான் தாமதமாகவாவது சொன்னேன். பழைய கம்ப்யூட்டர் தன் பழைய வேகத்துக்குத் திரும்பி நிம்மதியாக இருக்கிறது.

ஒரு நிபந்தனை மட்டும் வித்யாவிடமிருந்து வந்தது. சாரும் வகுப்பில் இருக்க வேண்டும், அவர் செய்து காட்டினால் வார்த்தைகள் மனதில் நிற்கின்றன என்று பதினான்கு பேரும் சொன்னார்களாம். முதல் வாரம் வீடு பெருக்கினேன். அடுத்து வெங்காயம் நறுக்கினேன். இந்தத் திங்கட்கிழமை பாத்திரம் தேய்த்தேன்.

அந்த ஆபீஸின் எந்தப் பயிற்சி வகுப்பிலும் எல்லாரும் கேமராவை ஆன் செய்து உட்கார்ந்தது இதுவே முதல் முறையாம்.